யாருக்குத் தெரியாது?

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் இணையதளத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘சென்னையில் தவறவிடக் கூடாத பத்து பிரியாணிக் கடைகள்’, ‘மழை நாளுக்கேற்ற ஐந்து டீக்கடைகள்’ மாதிரி. ஒரு பட்டியலுக்கு 700 ரூபாய். அந்த மாதம் வந்த தலைப்பு, ‘யாரும் அறியாத ஜார்ஜ் டவுன்: கலைக்கு நான்கு இடம், சாப்பாட்டுக்கு நான்கு இடம்’. அதுவரை பாரிமுனைப் பக்கம் நான் போனது மூன்று தடவை. இரண்டு தடவை கல்யாணப் பத்திரிகை அடிக்க, ஒரு தடவை ஒரு நோட்டரி கையெழுத்துக்கு. யாரும் அறியாத இடங்களைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான். எனக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது.

முதலில் போனது செகண்ட் லைன் பீச் ரோட்டுக்கு. பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டிப் பின்பக்கத் தெருவுக்குள் போனால் சாயங்காலத்தில் அத்தோ வண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, மெலிசாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார் கடைக்காரர். பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதித்தது. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் திணித்து, புளித்தண்ணீர் விட்டு ஒரே வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

“அண்ணா, உங்க கடையப் பத்தி எழுதப் போறேன். யாருக்கும் தெரியாத கடைன்னு ஒரு லிஸ்ட் போடுறோம்” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “யாருக்குத் தெரியாது?”

“இல்லண்ணா, நிறையப் பேருக்கு…”

“பின்னால திரும்பிப் பாரு தம்பி.”

திரும்பிப் பார்த்தேன். இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். துறைமுக ஆட்கள், கூரியர் பையன்கள், பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். நான்தான் வழியை மறித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் அதே தலைப்போடுதான் வெளியானது. தலைப்பை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. அதற்குப் பிறகு ஜார்ஜ் டவுனுக்கு நான் போன ஒவ்வொரு தடவையும், படித்த ஒவ்வொரு பக்கத்திலும் அதுதான் கூட வந்தது.

*

‘அத்தோ’ என்பது நம் ஊரில் மாறிப்போன உச்சரிப்பு. பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் கலவை, கையால் பிசைந்தது. அங்கே இஞ்சியிலும் தேயிலையிலும்கூட அதோக் செய்வார்கள். இங்கே வந்து சேர்ந்தது நூடுல்ஸ் வகை மட்டும். கூடவே மோய்ங்கா வந்தது. அது பர்மாவின் காலைச் சாப்பாடு, மீன் குழம்பில் மிதக்கும் அரிசி சேமியா. வாழைத்தண்டு அதில் போடுகிற சரக்கு. இங்கே அத்தோவோடு தனியாக ஒரு சூப்பாகவே கிடைக்கிறது.

இந்தச் சாப்பாடு வந்த வழி நீளமானது. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். அதில் தமிழர்கள் ஏராளம்: வட்டிக்கடைச் செட்டியார்கள், அவர்களிடம் கணக்கெழுதியவர்கள், துறைமுகக் கூலிகள், அரிசி ஆலைக் கூலிகள், சின்னச் சின்னக் கடைக்காரர்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்தே அஸ்ஸாம் பக்கம் வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் பலர். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது; அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. வேலையும் போய், சேமிப்பும் போய், மறுபடி கப்பல். எடுத்துவர அனுமதித்த பொருள் மிகக் குறைவு. மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடி பக்கம் குடியேறினார்கள். பிழைப்புக்கு வழி வேண்டும் என்று 1969இல் துறைமுகத்தை ஒட்டிக் கடை போட இடம் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார். ‘ஃபாரின் சாமான்’ என்ற இரண்டு சொற்களோடு நம் அப்பாக்களின் தலைமுறை நினைவில் வைத்திருக்கும் பஜார். கடை போட முடியாதவர்கள் பின்தெருவில் வண்டி போட்டார்கள்.

இதே துறைமுகத்தில் பர்மாவின் இன்னொரு தடம் உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு போட்டு எரித்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. ஊரே பயந்து ஓடியது. ஜார்ஜ் டவுன் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ‘எம்டன்’ என்ற சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனை விட்டு ஆட்கள் கிளம்பிப் போவது பின்னாலும் நடந்தது. அது குண்டு இல்லாமல் மெதுவாக நடந்தது.

*

என் தாத்தா 1956இல் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியபோது, “இனிமே நமக்கு அங்க போய் வேல பாக்க முடியாது” என்று நிறுத்திக்கொண்டார். நாற்பது வருஷம் ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் கூகிள் மேப்பில் ஜார்ஜ் டவுனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பட்டியலைப் படித்துக் காட்டினேன். அத்தோவுக்குத் தலையாட்டினார். “கப்பல்ல வந்து எறங்கி பீச் ஸ்டேஷன் பக்கம் பொட்டியோட உக்காந்திருப்பாங்க, பாத்திருக்கேன். பாவம். தமிழ் பேசுவாங்க, ஆனா ஊரு தெரியாது.” அடுத்தது கலைக்கான இடங்கள். நான்கில் முதலாவதாக நான் எழுதியிருந்தது கோகலே ஹால்.

“கோகலே ஹால் உள்ள போயிருக்கியா தாத்தா?”

“எதுக்கு?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எதுக்கு என்று கேட்டார்.

*

ஆர்மீனியன் தெருவில் இருக்கிறது கோகலே ஹால். தெருவுக்குப் பெயர் தந்த ஆர்மீனிய மாதா கோயில் 1772இல் கட்டியது. அந்தக் கோயிலின் பாதிரியார் ஒருவர்தான் 1794இல் உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை இந்த ஊரிலிருந்து வெளியிட்டார். யாரும் அறியாதது என்று ஒன்றைச் சொல்வதாக இருந்தால் அதைச் சொல்லலாம். அன்னி பெசன்ட் 1914இல் இளைஞர்களுக்காக ஒய்.எம்.ஐ.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கான கட்டிடம்தான் இது. கோபால கிருஷ்ண கோகலே 1915 பிப்ரவரியில் இறந்ததும் அவர் பெயரை மண்டபத்துக்கு வைத்தார்கள். ஹோம் ரூல் காலத்துப் பேச்சுகள் இங்கே நடந்தன, அப்புறம் நாடகம், கச்சேரி. மைக் வராத காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல் போகும்படி கட்டிய மண்டபம். நான் போனபோது வாசல் கேட்டுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது. இடிப்பு வேலை தொடங்கி, வழக்கால் பாதியில் நின்றுபோன கட்டிடம். சுவரில் செடி முளைத்திருந்தது. எதிரில் ஜெராக்ஸ் கடை.

இப்படிப் பாதி இடிந்ததாகவோ, பூட்டியோ, பெயர் மட்டும் மிஞ்சியதாகவோ இந்தப் பேட்டை முழுக்க அரங்கங்கள் இருக்கின்றன. ஏனென்றால் ஒரு காலத்தில் மெட்ராஸில் பாட்டோ நாடகமோ வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். தியாகராஜர் தன் முதிய வயதில் மெட்ராஸ் வந்தபோது தங்கியது கோவூர் சுந்தரேச முதலியாரின் பந்தர் தெரு வீட்டில். அவர் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது முத்தியால்பேட்டையில். கம்பெனிக்காரர்களோடு வியாபாரம் செய்து பணம் சேர்த்த துபாஷிகளும் முதலியார்களும் செட்டியார்களும் இங்கே வீடு கட்டினார்கள். பணம் இருந்த இடத்துக்குப் பாட்டு வந்தது. மயிலாப்பூர் அப்போது கோயிலும் தோப்பும் வக்கீல் பங்களாக்களுமாக ஊருக்கு ஒதுக்குப்புறம்.

அந்த அரங்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அரங்கமே இல்லை, ஒரு வீடு. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் இருந்த தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. வருகிறவர்கள் அசையக் கூடாது, பேசக் கூடாது. வித்வான்களே வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். தேவதாசி மரபில் வந்தவர். பிற்காலத்தில் பார்வை போய், கடனோடு வாழ்ந்தவர். இன்று கர்நாடக இசையின் நுணுக்கம் என்று கொண்டாடும் பல விஷயங்கள் அந்த வீட்டிலிருந்து, அவர் பேத்திகள் பிருந்தா, முக்தா வழியாக வந்தவை. இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி. பரதநாட்டியம் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வர வேண்டிய முதல் பெயர் அது.

சில தெருக்கள் தள்ளி பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டத் தன் சொத்தைச் செலவழித்தவர். 1910இல் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்தவனமு’வைப் பதிப்பித்ததால் ஆபாசம் என்ற பட்டத்தையும் அரசாங்கத் தடையையும் எதிர்கொண்டவர். இந்தப் பெண்கள் வாழ்ந்த வீடுகளுக்கு முன்னால் ஒரு பலகைகூட இல்லாத ஊரில்தான் ‘பாரம்பரிய நடை’ போகிறோம்.

*

அப்புறம் நகரம் எப்படித் தெற்கே போனது? 1895இல் மெட்ராஸில் எலெக்ட்ரிக் டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. டிராம் முதலில் ஆட்களை ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டு வந்தது. கச்சேரி முடிந்து வீடு திரும்பவும் அதே டிராம். ஆனால் திரும்பிப் போக வசதி இருந்தால் பக்கத்திலேயே குடியிருக்கத் தேவையில்லை என்று ஆகிவிடும். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் உருவானது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில். குமாஸ்தாவும் வக்கீலும் காலையில் வடக்கே வந்து சம்பாதித்து, சாயங்காலம் தெற்கே போய்த் தூங்கினார்கள். சாயங்காலம் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் சபா இருக்க முடியும். தி.நகருக்கு வாணி மஹால் 1945இல் வந்தது. 1928இல் பிறந்த மியூசிக் அகாடமிக்கு 1962இல் சொந்தக் கட்டிடம் திறந்தது, அதுவும் தெற்கே. டிராம் 1953இல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், தி.நகருக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர்.

கேட்பவர்கள் மட்டும் தெற்கே போகவில்லை. யார் மேடையேறலாம் என்பதும் அதே வருஷங்களில் மாறியது. 1931இல் மியூசிக் அகாடமி கல்யாணி சகோதரிகளை ஆட வைத்தபோது அவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டமும் பாட்டும் அதற்குள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. பிள்ளைகளை நடன வகுப்புக்கு அனுப்பிய புதிய வீடுகளில் பல, தனம்மாள் குடும்பத்தைத் தங்கள் கூடத்தில் உட்கார வைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

எனவே இந்த இடங்கள் தானாக மறைந்துபோய், நாம் போய்க் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் எழுந்து போனார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கேமராவோடு திரும்பி வந்து ‘யாரும் அறியாத’ என்று தலைப்பு வைக்கிறார்கள். நான் அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவன்கூட இல்லை. என் தாத்தா இங்கேதான் இருந்தார். அவர் எழுந்து போகவில்லை, ஏனென்றால் அவரை யாரும் உள்ளே உட்காரச் சொல்லவில்லை. இதை எனக்குப் புரிய வைத்தது வால்டாக்ஸ் ரோடு.

*

1770களில் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி போடலாம் என்று திட்டம். வரி வசூலாகவே இல்லை; பெயர் மட்டும் நின்று ‘வால் டாக்ஸ்’ ரோடு ஆயிற்று. இந்த ரோட்டில்தான் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. தொழில்முறை நாடகக் கம்பெனிகள் வந்து இறங்கிய இடம். அதன் ஒரு முனையில் சென்ட்ரல் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ரிப்பன் கட்டிடத்தை ஒட்டி, சிஸம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால்.

இரண்டும் நடக்கிற தூரம். இரண்டிலும் நாடகம். ஆனால் இரண்டு உலகம்.

விக்டோரியா ஹாலில் நடித்தது சுகுண விலாச சபை. 1891இல் ஆரம்பித்தவர் பம்மல் சம்பந்த முதலியார், ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருக்காரர், பின்னாளில் நீதிபதி. அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ படிக்கப் படிக்கச் சுவையான புத்தகம். சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே தனக்கு ஏளனம் என்றும், பெல்லாரிக்காரர்களின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். சபையில் வக்கீல்கள், அதிகாரிகள், காலேஜ் மாணவர்கள். ரங்கவடிவேலு பெண் வேஷம் கட்டினால் பம்மல் கதாநாயகன். நாடகம் மரியாதைப்பட்ட மனிதர்கள் செய்கிற காரியம் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்தது அவர்கள் சாதனை. அந்த மரியாதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளத்துக்கு நடிக்கிறவன் ‘கூத்தாடி’, பொழுதுபோக்காக நடிக்கிறவர் ‘அமெச்சூர்’. சபை பிற்பாடு மவுண்ட் ரோட்டுக்குப் போய் கிளப் ஆகிவிட்டது.

கூத்தாடிகள் வால்டாக்ஸ் ரோட்டில் நடித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு, பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள், பெஞ்சு டிக்கெட், தரை டிக்கெட். எம்.ஜி.ஆர். நாடக நடிகனாக இருந்த ஏழ்மைக் காலத்தில் குடியிருந்ததும் இந்த யானைக்கவுனிப் பக்கம்தான்.

கொட்டகைப் பெயரைச் சொன்னதுமே தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வால்டாக்ஸ் ரோடு கொட்டாயா? அங்க போயிருக்கேன். எம்.ஆர். ராதா நாடகம். தரையில உக்காந்து பாத்தேன். அந்தாளு ஒரு வார்த்த பேசுவான், பாதி பேரு கை தட்டுவான், பாதி பேரு செருப்ப தேடுவான்.”

1954இல் நாடகங்களை முன்கூட்டியே பார்த்துத் தடை செய்ய ஒரு சட்டம் வந்தது. ராதாவை மனதில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை சொல்வார்கள். ராதா நாடகத்தின் பெயரை மாற்றி மாற்றிப் போட்டார். சட்டத்துக்குப் பயந்து ஆட்கள் வராமல் இல்லை. திண்டிவனத்துக்காரப் பையன் ஒருவன் மூட்டை தூக்கிய காசில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

நான் அவரிடம் கேட்டிருந்தது கோகலே ஹாலைப் பற்றி. கேட்டிருக்க வேண்டியது, ‘நீ எங்க போன?’ என்று.

*

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். என் பட்டியலில் இருந்த நான்கு இடங்களில் மூன்று சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத், அங்கே ஜிலேபியும் பாதாம் பாலும். முறுக்கு சாண்ட்விச், அதாவது இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், சட்னி. ரொட்டி இல்லாத சாண்ட்விச்சை யார் முதலில் யோசித்தார்களோ, அவர்கள் நல்லா இருக்க வேண்டும். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டர், நெய்யில் மிதக்கும் பொடி ஊத்தப்பம், சாயங்காலத்துக்கு மேல்தான். எல்லாமே நன்றாகவே இருந்தது. குஜராத்திகளும் மார்வாடிகளும் தமிழர்களும் தோளுரசி நின்று ஒரே தட்டில் இரண்டு மொழியைச் சாப்பிடும் தெரு அது.

தாத்தாவின் பட்டியல் வேறு. ராத்திரி 2 மணிக்கு லாரி வரும். மூட்டை இறக்கி முடிக்க விடிந்துவிடும். அப்போது சாவடிக்குள் கூடையோடு வந்து உட்காரும் ஆயாக்கள்தான் ஹோட்டல். இட்லி, மீன் குழம்பு, கணக்கு எழுதாத கடன். “வாரக் கடசில குடுத்தா போதும். குடுக்கலன்னா திட்டுவா, ஆனா அடுத்த நாளும் போடுவா.” டீ மண்ணடி சாயபு கடையில். காபி? “காபி கிளப்புல யாரு உக்கார வைப்பான்?”

ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ எப்படி உழைப்பவர்களின் பானமாகவும் பிரிந்தன என்று காட்டியிருப்பார். அதைப் படித்தபோது சுவாரசியமான பண்பாட்டு வரலாறு என்று நினைத்தேன். தாத்தா வாயால் கேட்டபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இவர் மெட்ராஸ் வந்த மறு வருஷம், 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற பெயரை அழிக்கச் சொல்லி திராவிடர் கழகத்தினர் தினமும் மறியல் செய்து தினமும் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த மறியல். கடைசியில் பெயர்ப் பலகை மாறியது. தாத்தாவுக்கு அந்த மறியல் பற்றித் தெரியும். போனாரா என்று கேட்டேன். “நான் எங்க போறது, லோடு யாரு எறக்குவா? ஆனா போனவன் வந்து சொல்லுவான்.”

பலகை மாறினாலும் உள்ளே போய் உட்காரப் பழக வேறு சில வருஷங்கள் பிடித்திருக்கின்றன. ஹோட்டல் என்றால் இப்போதும் அவர் வாசல் பக்கத்து மேசையைத்தான் தேடுவார். காற்று வரும் என்று காரணம் சொல்வார்.

*

எஸ்பிளனேடில், ஹைகோர்ட்டைப் பார்த்தபடி ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி அரை மணி நேரம் மட்டும் என்று 1940களில் எழுந்த சண்டையின் கட்டிடம். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. 1952இல் மன்றம் திறந்தது. நகரமே தெற்கே போய்க்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் வடக்கிலேயே கட்டினார்கள். தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டம் 1949இலிருந்து நடத்துகிறார்கள். மார்கழியில் மயிலாப்பூர் சபா கேன்டீன்களில் கீரை வடைக்கு வரிசை நிற்கும் அதே நாட்களில் இங்கே விழா நடக்கும். இளைஞர்கள் எழுதும் சீசன் குறிப்புகளில் இந்தப் பெயரைப் பார்ப்பது அபூர்வம். என் பட்டியலிலும் இல்லை. பழைய கட்டிடமாகவும் தெரியவில்லை, இடிந்தும் போகவில்லை, போட்டோவுக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

“மன்றமா? வெளிய நின்னு கேட்டிருக்கேன்” என்றார் தாத்தா. “ராத்திரி லோடு வர்ற வரைக்கும் சும்மா தான. ஸ்பீக்கர் போட்டிருப்பாங்க. மரத்தடியில குந்திகினு கேப்போம்.”

“உள்ள போகலியா?”

“வேட்டி அழுக்கா இருக்கும்டா.”

போன மார்கழியில் அவரைக் கூட்டிப் போனேன். வயது 86. புது வேட்டி கட்டிக்கொண்டார், நான் சொல்லவில்லை. வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே முக்கால்வாசி நாற்காலி காலி. ஓர் ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தது. தாத்தா கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால், நடைபாதை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அசையவில்லை. தனம்மாள் வீட்டில் அனுமதித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை என் காதருகே வந்து, “இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்” என்றார். எங்கே கேட்டது என்று கேட்டதற்கு மரத்தடி என்று கையால் வெளியே காட்டினார்.

வெளியே வந்து மரத்தைத் தேடினோம். பஸ்கள் திரும்புகிற இடமாக மாறியிருந்தது. எந்த மரம் என்று அவருக்கும் நிச்சயமில்லை.

ஆட்டோ பிடித்து செகண்ட் லைன் பீச் போனோம். அதே வண்டி, அதே அண்ணன், கூட்டம் இன்னும் அதிகம். தாத்தாவுக்குப் பல் இல்லாததால் நூடுல்ஸைச் சின்னதாக நறுக்கிப் பிசையச் சொன்னேன். அண்ணன் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “பெரியவரே, காரம் கம்மி பண்ணவா?” என்றார்.

“நீ போடுப்பா. உங்க ஆளுங்க வந்து எறங்குனப்பவே நான் இங்கதான் இருந்தேன்.”

அண்ணன் கை ஒரு நிமிஷம் கிண்ணத்திலேயே நின்றது. எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்டார். தாத்தாவுக்குக் கப்பல் பெயர் தெரியவில்லை. மழைக்காலம் என்றார், பெட்டிகளுக்கு மேலே குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள் என்றார். “எங்க அம்மா மூணு வயசுல வந்துச்சு” என்றார் அண்ணன். பின்னால் நின்ற பையன் ஒருவன், “அண்ணா, ரெண்டு அத்தோ, ஒரு மோய்ங்கா, பார்சல்” என்று குரல் கொடுத்தான். அண்ணன் மறுபடி பிசையத் தொடங்கினார். சூப்புக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.